கடற்போரும் வாய்ப்போரும்

திருகோணமலையைக் கண்ணாற் கண்டிராத மனிதர் பலர், உலகின் நாற்றிசைகளிலும் இருந்துகொண்டு, அப்பெயரைச் சொல்லிச் சொல்லி வாதிட்டு வந்திருக்கின்றனர் என்றால் நேயர்கள் வியப்புறலாம். "நேற்றிரவு என் திருகோணமலையைப் பறிகொடுத்துவிட்டேன்" என்று ஒருவன் புலம்புவான். "என்னிடம் திருகோணமலை மூன்று இருக்கின்றன; ஒன்றை விலைக்குத் தருகின்றேன்" என்று மற்றொருவன் தேற்றுவான். "திருகோணமலையை ஓட்டத் தெரியாதவன் தோணியிற் போகவேண்டியதுதானே" என்று மூன்றாமவன் குத்துவான். இம்மூவரும் மூன்று கண்டங்களில் இருப்பவர்களாக இருத்தல் கூடும்.

இவர்கள் பேசுவது நமது துறைமுகத்தைப்பற்றி அன்று. அதன் பெயரைத் தாங்கிய பாய்க்கப்பலைப்பற்றி. அக்கப்பலும் கணனித்திரையில் ஓடுங் கப்பலே. "நேவல் அக்ஷன்" என்பது இணையத்தின் வழியே பலர் ஒருங்கு கூடி ஆடும் கடற்போர் விளையாட்டு. பதினெட்டாம் நூற்றாண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் ஆகிய காலத்துப் பாய்க்கப்பல்களை வைத்து, மேற்கிந்தியத் தீவுகளைக் களமாகக் கொண்டு ஆடப்படுவது. உக்ரைன் நாட்டுக் குழுவினர் அதனை ஆக்கினர். 2016ஆம் ஆண்டு சனவரியில், முற்றுப்பெறாத நிலையிலேயே அதனை விற்பனைக்கு விட்டு, ஆடுவோர் சொல்லுங் குறைநிறைகளைக் கேட்டுக் கேட்டுத் திருத்தி, 2019ஆம் ஆண்டு சூனில் முழு விளையாட்டாக வெளியிட்டனர். அரைகுறையாகக் கட்டிய வீட்டிற் குடியிருப்போரை அமர்த்திவிட்டு, "சுவர் எங்கே வேண்டும், சாளரம் எங்கே வேண்டும்" என்று கேட்டுக் கட்டுவது போன்றதொரு முறை. குடியிருப்போருக்கு வாய் ஓயாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

விளையாட்டுக்களைப்பற்றி இப்பகுதியில் எழுதுவது நமது வழக்கமன்று. எழுதத் தூண்டியவர் கந்தளாயில் வாழும் ஒரு தாயார். அவருடைய மகன் உயர்தர வகுப்பு மாணவன். கட்டாரில் தொழில் புரியும் தமையன் அனுப்பிய கணனியின் முன் இரவிற் பல மணிநேரம் அமர்ந்திருக்கின்றான். "கப்பல் விடுறதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை, சேர். முகம் தெரியாத ஆக்களோட மாறி மாறி ஏசிக்கொண்டிருக்கிறான். அதுதான் பயமாயிருக்கு" என்றார் அவ்வம்மையார். பாடத்தைப்பற்றிக் கேட்பார் என்று எதிர்பார்த்திருந்த நமக்கு இவ்வினா புதிதாக இருந்தது. அவன் எழுதுவனவற்றையும் அவனுக்கு எழுதப்படுவனவற்றையும் இரண்டு மாலைப்பொழுதுகள் அருகிருந்து பார்த்தோம்.

பார்த்ததைச் சொல்லுமுன் அக்கப்பலின் கதையைச் சொல்லிவிடுகின்றோம். அது சொல்லத்தக்க கதை. "திருகோணமலை" என்னும் போர்க்கப்பல் கற்பனையன்று. பிரித்தானியக் கடற்படைக்காகப் பம்பாயிற் கட்டப்பட்டது. கட்டியவர் பார்சி இனத்துத் தலைமைக் கப்பற் கட்டுநர் ஜம்செட்ஜி பொமன்ஜி வாடியா. மரம் தேக்கு. முதலில் இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்ட வரைபடங்கள், அவற்றைச் சுமந்து வந்த "ஜாவா" என்னுங் கப்பலை 1812இல் அமெரிக்கர் வென்று அழித்தபோது அதனுடன் மறைந்தன. மறுபடியும் வரைபடம் அனுப்பினர். பார்சி மரபுப்படி அடிமரத்தில் வெள்ளியாணி ஒன்று அறையப்பட்டு, 1817ஆம் ஆண்டு ஒக்டோபர் 12ஆந் திகதி கப்பல் கடலில் இறங்கியது. அப்போது நெப்போலியனோடு நிகழ்ந்த போர் முடிந்து இரண்டாண்டுகள் ஆகிவிட்டன! போருக்கென்று பிறந்து போர் முடிந்தபின் வந்து சேர்ந்த கப்பல் அது. 1819இல் இங்கிலாந்தை அடைந்து நெடுங்காலம் துறைமுகத்திற் சும்மா கிடந்தது. 1847இலிருந்து பத்தாண்டு அளவில் மேற்கிந்தியக் கடலிலும் பசிபிக் கடலிலும் பணி புரிந்தது. பெருங் கடற்போர் எதனையும் அது கண்டதில்லை. 1897இல் உடைப்பதற்கென்று விற்கப்பட்டது. உடையாது தப்பி, "பூட்ரொயான்" என்னும் வேறு பெயருடன் இளைஞர்களுக்குப் பயிற்சி அளிக்குங் கப்பலாக வாழ்ந்தது. 1992இலேதான் அதற்குத் தன் பழைய பெயர் திரும்பக் கிடைத்தது. இன்று இங்கிலாந்தின் வடகிழக்கே ஹாட்லிப்பூல் என்னும் ஊரில், மிதக்கும் பிரித்தானியப் போர்க்கப்பல்கள் எல்லாவற்றினும் மூத்தது என்னும் பெருமையுடன் நிற்கின்றது. மெய்யான கப்பல் காணாத போர்களை எல்லாம் திரைக்கப்பல் இரவு தவறாமற் கண்டுவிட்டது.

நம் மாணவன் இக்கப்பலைக் கடையிற் கண்டவுடன், வேறொன்றையும் பாராமல், இதனையே பெற வேண்டும் என்று மாதக்கணக்காகச் சரக்கு ஏற்றி இறக்கிப் பொருள் சேர்த்தானாம். பெற்ற அன்று பொதுவிற் பேசும் இடத்தில், "இது என் ஊரின் பெயர்" என்று ஆங்கிலத்தில் எழுதினான். வந்த மறுமொழி யாது தெரியுமோ? "உங்கள் ஊருக்குக் கப்பலின் பெயரையா வைத்தார்கள்?"

அதனை அவன் நமக்குக் காட்டியபோது அவன் முகத்திற் சினம் இருந்தது. நமக்கோ சிரிப்பு வந்தது. கேட்டவன் தெரியாமற் கேட்டான், அவ்வளவே. இதற்கு அவன் முதலில் எழுதிய மறுமொழியை இங்கே அச்சிட இயலாது. இரண்டாவதாக எழுதியது நன்றாக இருந்தது: "ஆம். எங்கள் கோயிலுக்கும் கடலுக்கும் கூட அப்படித்தான். கப்பல் வரும்வரை எல்லாம் பெயரில்லாமல் இருந்தன." இதற்கு நாலைந்து பேர் நகைத்து எழுதினர். ஒருவன் மட்டும், "மெய்யாகவே அவ்வூரிலா இருக்கின்றாய்? அங்கே காற்று எப்படி?" என்று கேட்டான். அந்த ஒருவனுக்கு வாடைக்காற்றையும் கச்சான் காற்றையும் பற்றி இவன் ஒரு பக்கம் எழுதியிருக்கின்றான். வகுப்பிற் கட்டுரை எழுதச் சொன்னால் எட்டு வரியோடு நிறுத்துபவன்.

விளையாட்டில் ஒவ்வொருவனும் ஒரு நாட்டின் கொடியைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிரித்தானியா, பிரான்சு, ஒல்லாந்து, தென்மார்க்கு, இசுபானியா, சுவீடன் முதலியன உண்டு. கடற்கொள்ளையர் கொடியும் உண்டு. "எந்தக் கொடியை எடுத்தாய்?" என்று கேட்டோம். பையன் கெட்டிக்காரன். "திருகோணமலையைப் பிடித்த ஒருவனுடைய கொடியும் வேண்டாம் என்று நினைத்தேன், சேர். அதனால் இசுபானியாவை எடுத்தேன்" என்றான். பிரித்தானியர் பிடித்தனர், ஒல்லாந்தர் பிடித்தனர், பிரெஞ்சுக்காரர் 1672இலும் 1782இலும் வந்தனர், தென்மார்க்கினர் 1620இல் வந்து கோணேசர் மலையருகே கோட்டை கட்டப் பார்த்தனர். எல்லாஞ் சரி. ஆனால் 1620களிற் கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கேயர் அக்காலத்தில் யாருடைய முடியின் கீழ் இருந்தனர்? 1580 முதல் 1640 வரை போர்த்துக்கலுக்கும் இசுபானியாவுக்கும் ஒருவனே அரசன் என்று நாம் எடுத்துச் சொன்னோம். மறுவாரம் அவன் சுவீடன் நாட்டுக் கொடிக்கு மாறிவிட்டதாக அறிகின்றோம். வரலாற்றுப் பாடத்தினால் இவ்வளவு உடனடியான பயன் விளைந்ததை நமது ஆசிரிய வாழ்க்கையில் வேறு எங்கும் கண்டதில்லை.

இனி வாய்ப்போருக்கு வருவோம். அவ்வுலகில் தோற்றவன் முறையிட்டால் அவனை "உப்பு" என்கின்றனர். உப்புக் கரிக்கப் பேசுகின்றான் என்பது கருத்தாம். உப்பிட்டவரை மறக்கலாகாது என்று கேட்டு வளர்ந்த நமக்கு அச்சொல் அப்பொருளில் ஒட்டவில்லை. ஆயினும் உற்று நோக்கினால், அங்கே வழங்கும் பேச்சில் மிகப் பெரிய பகுதி உப்புத்தான். வென்றவன் பேசுவது குறைவு. "நல்ல ஆட்டம்" என்பதற்கு இரண்டு எழுத்துக்களைக் குறியாக எழுதிவிட்டுப் போய்விடுவான். தோற்றவனுக்கோ காற்று மாறிவிட்டது, பீரங்கிக் குண்டு பட்டும் படாததாகக் கணக்கிடப்பட்டது, இணையம் தடுமாறியது, ஒருவனை ஐவர் சூழ்ந்தனர், தன் கூட்டத்தார் துறைமுகத்தில் நின்று வேடிக்கை பார்த்தனர். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆக்கியோன் நேற்று ஒரு விதியை மாற்றிவிட்டான்!

விதி மாற்றம் என்பது சிறிய செய்தியன்று. தொடக்கத்தில் அவ்விளையாட்டில் ஒரு கப்பலுக்குப் பல உயிர்கள் இருந்தன. மூழ்கினாலும் மீண்டும் எழும். பின்னர் அதனை ஒன்றாகக் குறைத்தனர், மூழ்கினது மூழ்கினதே. பல நாள் உழைத்துத் தேடிய கப்பல் அரைமணி நேரத்திற் கடலடிக்குப் போய்விடும். வலியவர்கள் இதுவே மெய்யான போர் என்று மகிழ்ந்தனர். மாலை ஒரு மணி நேரம் மட்டும் ஆடக்கூடியவர்கள் மனமொடிந்தனர். ஒரு துறையிலிருந்து மற்றொரு துறைக்குப் பாய் விரித்துப் போவதற்கே ஒரு மணி நேரம் ஆகிவிடும் விளையாட்டு அது. ஆயிரக்கணக்கான மணி நேரம் ஆடியவன், "இதை எவரும் வாங்கவேண்டாம்" என்று தீர்ப்பு எழுதிவிட்டு, அன்றிரவே மீண்டும் ஆட வருவான். இதைப் பார்த்து நகைப்பவர்களுக்கு ஒன்று சொல்வோம்: அவ்வாறு எழுதுபவன் அக்கடலை நேசிப்பவன். நேசமில்லாதவன் மௌனமாகப் போய்விடுகின்றான்.

தோற்றவனின் இப்பேச்சு கணனியோடு பிறந்ததன்று. 1782ஆம் ஆண்டு செப்டெம்பர் 3ஆந் திகதி, திருகோணமலைக்கு வெளியே, கச்சான் வீசிய அக்கடலில் நடந்ததை நினைவூட்டுவோம். அவ்வாண்டு சனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பற்றிய துறைமுகத்தை, ஓகத்து முடிவிற் பிரெஞ்சுத் தளபதி சுப்ரென் கைப்பற்றினார். இரண்டு நாளில் ஆங்கிலத் தளபதி எட்வேட் ஹியூஸ் வந்து சேர்ந்தார். கோட்டையிற் பறந்த கொடியைக் கண்டு காலங் கடந்துவிட்டதை உணர்ந்தார். மறுநாட் காலை சுப்ரென் 14 போர்க்கப்பல்களுடன் வெளியே வந்தார், ஹியூஸிடம் 12. கூடுதற் கப்பல், காற்று வரும் பக்கம், இரண்டும் பிரெஞ்சுக்காரருக்கே வாய்த்திருந்தன. வென்றிருக்க வேண்டிய போர்.

நடந்தது யாது? கப்பல்கள் ஒழுங்காக அணிவகுக்குமுன்னரே சுப்ரென் நெருங்கித் தாக்குமாறு கொடி காட்டினார். கொடியைக் கவனியுங்கள் என்று உணர்த்துவதற்காக ஒரு பீரங்கியை வெடிக்கச் செய்தார். அவருடைய சொந்தக் கப்பலின் பீரங்கிக்காரரே அதனைச் சுடுவதற்குரிய கட்டளையாக எண்ணி ஒரு பக்கத்துப் பீரங்கிகள் அனைத்தையும் ஒருங்கே சுட்டுவிட்டனர். ஏனைய கப்பல்களும் அதனைப் பார்த்துத் தூரத்திலிருந்தே சுடத் தொடங்கின. நெருங்கு என்ற சொல், நின்று சுடு என்று கேட்டது! நடுவிலே மூன்று பிரெஞ்சுக் கப்பல்கள் மட்டும் நெருங்கி அகப்பட்டுக்கொண்டன. மாலையில் தளபதியின் கப்பலான "எரோ"வின் பெரும் பாய்மரம் முறிந்து வீழ்ந்தது. அதிலிருந்த கொடியும் வீழ்ந்ததைக் கண்டு, அவர் பணிந்துவிட்டார் என்று ஆங்கிலேயர் ஆரவாரித்தனர். சுப்ரென் கப்பல் முழுவதும் வெண்கொடிகளைக் கட்டுமாறு கூவினார். வெண்கொடி அக்காலத்துப் பிரெஞ்சு அரசகொடி; பணிவின் அடையாளமன்று. இருட்டியபின் இரு படைகளும் பிரிந்தன. ஒரு கப்பலும் பிடிபடவில்லை. ஆனால் துறைமுகத்துக்குத் திரும்பும்போது, 74 பீரங்கி தாங்கிய "ஓரியன்ற்" என்னும் பிரெஞ்சுக் கப்பல் வாயிலிலே தரைதட்டி அழிந்தது. பகைவனாற் போகாத கப்பல் பாறையாற் போயிற்று.

அதன் பின்னர் எழுந்த வாய்ப்போரைத்தான் நாம் சொல்ல வந்தோம். சுப்ரென் தம் அரசாங்கத்துக்கு எழுதிய மடல்களிலே தம் கப்பல் தலைவர்களைக் கடுமையாகக் குற்றஞ்சாட்டினார். அவர்கள் தம்மைக் கைவிட்டனர் என்பதே அவற்றின் சாரம். திரோமலின் உள்ளிட்ட தலைவர் நால்வர் விடைபெற்றுக்கொண்டு மொரிசியசுத் தீவுக்குச் சென்றுவிட்டனர். தளபதியின் முறைப்பாடு உண்மையா? அதற்குச் சான்று இழப்புக் கணக்கில் இருக்கின்றது. பிரெஞ்சுத் தரப்பில் இறந்தவர் 82 பேர். அவருள் 64 பேர் அந்த மூன்று கப்பல்களில் மட்டுமே இறந்தனர். ஏனைய 11 கப்பல்களிலுமாக 18 பேர். ஆங்கிலத் தரப்பில் இறந்தவர் 51 பேர். அவ்விழப்பு எல்லாக் கப்பல்களிலும் ஏறத்தாழச் சமமாகப் பரந்திருந்தது. தளபதி சொன்னது சரியே: பலர் தூர நின்றனர். ஆனால் தூர நிற்குமாறு அவர்களுக்குச் சொன்னது எது? அவருடைய அந்த ஒற்றைப் பீரங்கியும் அவசரமும் அன்றோ? தம் மடலிலே அதனை அவர் எத்துணை அழுத்தி எழுதியிருக்கக் கூடும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்க.

நம் மாணவனிடம் இதனைச் சொன்னோம். அவன் உடனே தன் கணனியைத் திறந்து, 25 பேருக்கு 25 பேர் மோதிய துறைமுகப் போர் ஒன்றின் பின் தன் கூட்டத்தலைவன் எழுதிய நீண்ட வசையைக் காட்டினான். "நீங்கள் எல்லோரும் என்னைக் கைவிட்டீர்கள்" என்பதே அதன் முதல் வரி. "இவர் நல்லா ஆடுவார், சேர். ஆனால் சொல்றது ஒருத்தருக்கும் விளங்காது" என்றான்.

சுப்ரென் மடல் எழுதினார். தலைவர்கள் கப்பலேறிப் போயினர். அவர்களுக்குக் கீழே, பாய்மரத்தில் ஏறியவனும் பீரங்கிக்கு மருந்து இட்டவனும் எவரிடம் முறையிட்டனர்? அக்காலத்துப் பிரித்தானியக் கப்பலிற் கூட்டமாக முறையிடுதல் கலகம். கலகத்துக்குத் தூக்கு. ஆகவே மாலுமிகள் ஒரு தந்திரம் கண்டனர். விண்ணப்பத்தின் கீழே பெயர்களை வரிசையாக எழுதாமல் வட்டமாக எழுதினர். முதற் கையொப்பம் எது, தலைவன் எவன் என்று எவரும் கண்டுபிடிக்க இயலாது. 1797இல் நூறாண்டுக்கு மேலாக உயராதிருந்த சம்பளத்தை உயர்த்துமாறு கேட்டு மாலுமிகள் எழுதிய பெயரில்லா விண்ணப்பங்கள் ஹவ் பிரபுவின் கைக்குச் சென்றன. ஒரே ஆள் எழுதியவை என்று எண்ணி அவர் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. ஏப்பிரிலில் இசுப்பிற்கெட்டில் நின்ற கப்பல்கள் நங்கூரம் எடுக்க மறுத்தன. அதன் பின்னரே செவி திறந்தது. சம்பளமும் உயர்ந்தது, மன்னிப்பும் கிடைத்தது. அதே ஆண்டில் நோர் என்னும் இடத்தில் எழுந்தவர்களுக்கு அந்த நல்வாய்ப்பு இல்லை. அவர்கள் தலைவன் றிச்சேட் பார்க்கர் சூன் 30ஆந் திகதி தூக்கிலிடப்பட்டான்.

இதனோடு ஒப்பிட்டால், இன்று அக்காலத்துக் கப்பலைத் திரையில் ஓட்டுபவனுக்குக் கிடைத்திருக்கும் உரிமை சிறிதன்று. கந்தளாயில் இருக்கும் பதினெட்டு வயதுப் பையன், கப்பலை ஆக்கியவனுக்கே நேராக, "உன் காற்றுக் கணக்குப் பிழை" என்று எழுதுகின்றான். ஆக்கியவன் சில வேளை திருத்துகின்றான். சில வேளை அவனும் பொறுமையிழந்து திருப்பி ஏசுகின்றான். கசையடியில்லை, தூக்குமில்லை. ஆனால் இவ்வுரிமையைப் பயன்படுத்தும் வகை எல்லோருக்கும் வந்துவிடவில்லை. நாம் பார்த்த முறைப்பாடுகளிற் பெரும்பாலானவை எதனையும் தெரிவியாதவை. "விளையாட்டு நாசமாகிவிட்டது" என்பதைப் படிக்கும் ஆக்கியோன் என் செய்வான்? நம் மாணவனின் முறைப்பாடும் அவ்வாறே இருந்தது. எக்கப்பல், எவ்வளவு பாய் விரித்திருந்தாய், காற்று எப்பக்கம், எதிரி எத்தனை முழத்தில் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதச் செய்தோம். எழுதி முடித்தபோது, பிழை காற்றில் இல்லை, தான் திரும்பிய வேளையில் என்று அவனே கண்டுகொண்டான். அதனை அனுப்பவில்லை. (அவன் தாயார் இதனைப் பெரும் வெற்றியாகக் கருதுகின்றார். நமக்கு அது சிறிது ஏமாற்றமே. நல்ல முறைப்பாடு ஒன்று வீணாயிற்று.)

கேலியைப்பற்றிய நமது கருத்தும் அத்தாயாருடையதன்று. கேலி வேறு, வசை வேறு. நாளை மாலையும் அதே மனிதனோடு ஒரே கப்பலணியில் நிற்கவேண்டும் என்பது தெரிந்து ஒருவன் செய்யும் கேலிக்கு அளவு தானாக வந்துவிடும். கடற்கரையில் வலை இழுப்போர் அம்பாப்பாட்டிலே ஒருவரை ஒருவர் நையாண்டி செய்வதைக் கேட்டவர்கள் இதனை அறிவர். கயிற்றின் மறுமுனையில் இருப்பவனை அல்லவா கேலி செய்கிறோம்! "உன் நாட்டவர் தோணியைத் தவிர வேறு கண்டதுண்டா?" என்று ஒருவன் கேட்டபோது, வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட "அன்னபூரணி" என்னும் பாய்க்கப்பல் தமிழ் மாலுமிகளோடு அத்திலாந்திக்கைக் கடந்து 1938இல் அமெரிக்கக் கரையை அடைந்த கதையை நாம் அவனுக்கு எடுத்துக் கொடுத்தோம். அதை எழுதிய பின் கேட்டவனும் இவனும் நண்பர்களாயினர். சுப்ரெனும் அத்தகைய பேறு பெற்றவரே. 1783இற் போர் ஓய்ந்து ஊர் திரும்பும் வழியில், நன்னம்பிக்கை முனையில், ஐந்து போர்களில் அவரோடு பொருதிய படையின் ஆங்கிலத் தலைவர்கள் தாமே அவரது கப்பலுக்குச் சென்று வணக்கஞ் செலுத்தினர். தமக்குக் கிடைத்த பாராட்டுக்களுள் அதுவே தமக்கு மிக உவப்பானது என்று அவர் எழுதினார். தம் சொந்தத் தலைவர்களிடம் பெறாத சொல்லைப் பகைவரிடம் பெற்றார்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விடுவதற்கில்லை. காற்று எப்படி என்று கேட்டவன் என்று முன்னர்க் குறிப்பிட்டோமே, அவன் ஐரோப்பியன் என்றே நம் மாணவன் எண்ணியிருந்தான். பல கிழமைகள் இருவரும் ஒரே அணியில் நின்று போர் புரிந்தனர். ஒருவர் கப்பலை ஒருவர் கேலி செய்தனர். ஒருநாள் மின்சாரம் தடைப்பட்டு இருவரும் ஒரே நொடியில் ஆட்டத்திலிருந்து மறைந்தனர். மறுநாளும் அவ்வாறே. மூன்றாம் நாள் ஒருவன் கேட்டான், மற்றவன் சொன்னான். அவனும் கந்தளாய்! குளத்தின் மறுபக்கத்துச் சிங்கள மாணவன். ஒரே ஊரிற் பிறந்து, மொழியாற் பிரிந்த இரு பாடசாலைகளிற் படித்து, ஒருவரை ஒருவர் வீதியிற் கண்டும் அறியாதவர்கள், மேற்கிந்தியக் கடலில் ஆங்கிலத்தில் அறிமுகமாகியிருக்கின்றனர்.

அதன் பின்னர்க் கேலி இன்னும் தாராளமாயிற்று. கப்பலில் இருந்து ஊருக்கும் வந்தது. ஓரிரவு நம் மாணவன், தன் கப்பலைக் குளத்திலேயே ஓட்டிக் காட்டுவதாகவும், அக்குளம் தன் முன்னோன் குளக்கோட்டன் கட்டியது என்றும் எழுதினான். மற்றவன், அது தங்கள் அரசன் அக்கபோதி கட்டியது என்று எழுதினான். கோணேசர் கல்வெட்டு இவன் பக்கம். அவர்கள் பாடநூல் அவன் பக்கம். நாலைந்து வரி நகைப்போடு நடந்தது. ஆறாவது வரியில் நகைப்பு நின்றுவிட்டது. எவரும் வசை கூறவில்லை. இருவரும் எழுதுவதை நிறுத்திவிட்டனர், அவ்வளவே. அத்தனை பீரங்கிக் குண்டுகளையும் தாங்கிய பேச்சு ஒரு குளத்தைத் தாங்கவில்லை.

நம் மாணவன் நம்மிடம் வந்து, "யார் கட்டினது, சேர்?" என்று கேட்டான். கல்வெட்டுச் சொல்வதையும், வரலாற்று நூல்கள் சொல்வதையும், பல அரசர் காலங்களிற் குளம் திருத்தப்பட்டதையும் சொன்னோம். 1986ஆம் ஆண்டு ஏப்பிரில் 20ஆந் திகதி அதன் அணை உடைந்தபோது வெள்ளம் அடித்துச் சென்றோரிடம் எவர் குளம் என்று அது கேட்கவில்லை என்பதையும் சொன்னோம். அவன் ஒன்றும் பேசவில்லை.

நான்கு நாட்கள் கழித்து, மற்றவனிடமிருந்து ஒரு வரி வந்ததாம். "காற்று வடகிழக்கு. உன் திருகோணமலை ஆயத்தமா?"

இவன் பாய் விரித்திருக்கின்றான்.